செக் போஸ்ட் இல்லாத எல்லை

1. ஒன்பது ஐம்பது

ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை காலை ஒன்பது ஐம்பது. துபாய் கராமாவில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, பக்கத்து ஹோட்டலில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்தது. அயர்லாந்தில் எங்கள் கஸ்டமர்கள் இருவரைக் காரில் வைத்துச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த டிரைவர் டெக்லன் அனுப்பியது.

"குட் மார்னிங் கோமதி. எட்டு மணிக்குக் கிளம்பி இன்றைக்கு வடக்கே எல்லையைத் தாண்டுகிறோம். இவர்களுடைய யுகே விசா காப்பி ஒன்று அனுப்பி வையுங்கள். வண்டியில் இருந்தால் எனக்கு நிம்மதி."

முதலில் படித்தபோது ஒன்றும் உறைக்கவில்லை. 'சரி, அனுப்பலாம்' என்று ஃபைலைத் திறந்தேன். அயர்லாந்து விசா இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தது. ஹோட்டல் வவுச்சர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. யுகே விசா இல்லை. காணாமல் போகவில்லை, நான் எடுக்கவே இல்லை. எடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து ஒரே தீவுதான், ஆனால் அதில் இரண்டு நாடு. பெரிய பகுதி அயர்லாந்துக் குடியரசு. வடகிழக்கு மூலை மட்டும் பிரிட்டனைச் சேர்ந்தது. அங்கே போக நம் பாஸ்போர்ட்டுக்கு யுகே விசா தனியாக வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முறை நுழைவதற்கான அயர்லாந்து விசா. வடக்கே போய்விட்டுத் திரும்பினால், விசா இல்லாமல் டப்ளினுக்குள் நுழைந்த கணக்காகிவிடும். அன்றைக்கு வடக்கே போகிறார்கள், அடுத்த நாள் பெல்ஃபாஸ்ட், அதற்கடுத்த நாள் அங்கிருந்து பஸ்ஸில் டப்ளின். இது எல்லாமே நான் போட்டுக் கொடுத்த இட்டினரரி.

துபாயில் ஒன்பது ஐம்பது என்றால் அங்கே ஆறு ஐம்பது. வண்டி கிளம்ப ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது. இட்லியை அப்படியே மூடி வைத்தேன்.

2. டீச்சர் கேட்டது

ராஜசேகர் சாரும் அவர் மனைவி வசந்தா டீச்சரும் கோயம்புத்தூர்க்காரர்கள். சாருக்கு அமீரகத்தின் கிழக்குக் கரையில், புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு கம்பெனியில் வேலை. டீச்சர் அங்கேயே ஓர் இந்தியப் பள்ளியில் ஜியாகிரஃபி எடுப்பவர். இருபது வருடமாக விடுமுறை என்றால் ஊர், ஊர் என்றால் கல்யாண வீடும் ஆஸ்பத்திரியும் என்று போய்க்கொண்டிருந்தவர்கள். இந்த முறை முதன்முதலாகத் தங்களுக்கென்று ஒரு பயணம் போக வந்தார்கள். சாருக்குப் பழைய கோட்டை, பழைய கல்லறை என்றால் உயிர். டீச்சருக்குப் பாறை.

"மேடம், எங்களுக்கு ஷாப்பிங் மால் எதுவும் வேண்டாங்க. மலை, கடல், பழைய கல்லு. அவ்வளவுதானுங்க," என்றார் சார்.

இப்படி ஒரு கஸ்டமர் கிடைப்பது அபூர்வம். ஆசை ஆசையாகப் போட்டேன். டப்ளின் இரண்டு நாள். அப்புறம் நியூகிரேஞ்ச். ஐயாயிரம் வருடப் பழமையான கல்லறை, குளிர்காலத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் வரும்போது சூரியன் உள்ளே எட்டிப் பார்க்கும். பிறகு மேற்கே, சுண்ணாம்புப் பாறைகள் தரையெல்லாம் பாளம் பாளமாக விரிந்து கிடக்கும் பர்ரன். மோஹர் செங்குத்துப் பாறைகள். டொனிகாலில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஏழாம் நாள் ஜயண்ட்ஸ் காஸ்வே. எரிமலைக் குழம்பு ஆறி இறுகி, அறுகோணத் தூண்களாகக் கடலோரம் முழுக்க நிற்கும் இடம். டீச்சர் ஒவ்வொரு வருடமும் போர்டில் அந்த அறுகோணத்தை வரைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

"வரைஞ்சு வரைஞ்சே கை வலிச்சுப் போச்சுங்க. ஒரு தடவ அது மேல நின்னு பாத்துடணும்," என்றார்.

அந்த ஏழாம் நாள் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியையும் கேட்டார். "இது வடக்கு அயர்லாந்துங்களே? இதுக்குத் தனியா விசா வேணுங்களா?"

கேட்டார். சரியான கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"டீச்சர், நீங்க புஜைராவுல இருந்து கோர்ஃபகான் போற வழியில மத்ஹாவுக்கு பிக்னிக் போயிருக்கீங்கல்ல? அந்தத் துண்டு மட்டும் ஓமன். உள்ள போறோம், வெளிய வர்றோம், யாராவது விசா கேக்குறாங்களா? செக் போஸ்ட்டே கிடையாது. இதுவும் அது மாதிரிதான்."

டீச்சர் சிரித்தார். மத்ஹா மலைக்கு அவரே பள்ளிப் பிள்ளைகளை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறார். சாரும் தலையாட்டினார். வளைகுடாவில் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். ரோட்டில் தடுப்பு இல்லையென்றால் எல்லை இல்லை என்றுதான் நமக்குப் பழக்கம். அதோடு பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஃபைல் போட்டுப் போட்டு, ஒரு ஸ்டாம்ப் வாங்கினால் ஊரெல்லாம் சுற்றலாம் என்ற மிதப்பு எனக்கு. அயர்லாந்து ஷெங்கனில் சேராது என்று கஸ்டமருக்கு வகுப்பே எடுத்தவள் நான். அதற்கடுத்த படியைப் பார்க்கவில்லை.

இயல்பிலேயே நான் பயந்தாங்கொள்ளி. இவர்கள் கிளம்புவதற்கு முன் குடை எடுத்துக்கொள்ளச் சொல்லி மூன்று மெயில் போட்டேன். பிளக் அடாப்டருக்கு ஒரு மெயில். அயர்லாந்து டூர் ஆபரேட்டர் மட்டும் ஒரு மெயிலின் கடைசி வரியில், இரண்டு பகுதிகளுக்கும் விசா இருக்கிறதா என்று உறுதி செய்யும்படி கேட்டிருந்தார். அந்த மெயிலைத் திறந்த அடுத்த நிமிடமே 'ஆல் கன்ஃபர்ம்டு' என்று பதில் போட்டிருக்கிறேன். சீசன் நேரத்தில் எல்லா மெயிலுக்கும் போடுகிற பதில் அது.

இவர்களுக்கு விசா விஷயத்தில் ஒரு கீறல் விழக்கூடாது என்பதற்குத் தனிக் காரணமும் இருந்தது. ஒரே மகள் கனடாவில். தலைப்பிரசவம் டிசம்பரில். பயணம் முடிந்து வந்ததும் கனடா விசாவுக்குப் போட வேண்டும் என்று என்னிடமே சொல்லியிருந்தார்கள். எந்த நாட்டு விசா ஃபாரத்திலும் ஒரு கேள்வி இருக்கும், எங்காவது தடுத்தார்களா, திருப்பி அனுப்பினார்களா என்று. அதற்கு 'ஆம்' என்று போட வேண்டி வந்தால் பிரசவத்துக்கு அம்மா இல்லை. யுகே விசா இல்லை என்று தெரிந்ததும் நான் இட்லியை மூடி வைத்தது இதனால்தான்.

3. சலீம் பாய்

எங்கள் முதலாளி சலீம் பாய், கீழக்கரைக்காரர். கையில் டீ டம்ளரோடு அப்போதுதான் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "என்னம்மா, யாரும் ஃப்ளைட்ட விட்டுட்டாஹளா?" என்றார்.

சொன்னேன். நின்றபடியே கேட்டார். டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"அந்த எல்லையில செக்கிங் இருக்கா?"

"ரோட்டுல இல்ல பாய். ஆனா திரும்பி டப்ளின் வர்ற பஸ்ஸுல சில நேரம் போலீஸ் ஏறிப் பாஸ்போர்ட் பாப்பாங்களாம். இப்பத்தான் தேடிப் படிச்சேன்."

"சில நேரந்தானே? எத்தன பேரு போய்ட்டு வந்திருக்காஹ. மாஃபி முஷ்கில், ஒண்ணும் ஆவாது. டிரைவருக்கு, விசா பாஸ்போர்ட்லயே இருக்குன்னு ஒரு மெசேஜ் போடு. கலாஸ், அம்புட்டுத்தான்."

"பாய், அது பொய்."

"ஏம்மா, அந்த டீச்சர் அந்தக் கல்லப் பாக்கத்தானே போனாஹ? இங்கேருந்து போன் போட்டு, 'நான் தப்பு பண்ணிட்டேன், நீங்க போவாதீங்க'ன்னு சொல்லப் போறியா? புஜைரா பூரா நம்ம பேரு நாறிரும். அந்த ஸ்கூலு டீச்சர்மாருவ முழுக்க நம்ம கஸ்டமரு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் அப்பா இறந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெட் போட்டு அனுப்பியவர். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அநேகமாக யாரும் பார்க்கப் போவதில்லை. டீச்சர் கல்லின் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வந்து சேர்வார். எனக்கும் திட்டு கிடையாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், 'விசா பாஸ்போர்ட்டில்' என்பது வரை டைப் அடித்துவிட்டேன்.

அனுப்பும் பட்டனுக்குப் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. யோக்கியம் எல்லாம் ஒன்றுமில்லை, பயம்தான். பஸ்ஸில் போலீஸ் ஏறுகிறார், டீச்சர் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுகிறார். அவருக்குத் தான் செய்த தப்பு என்னவென்றே தெரியாது. டிராவல்ஸ்காரம்மா சொன்னதை நம்பி வந்தேன் என்று அந்தப் போலீஸிடம் சொல்வார். அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்ததும் அடித்ததை அழித்தேன்.

மணி பத்து பத்து.

4. லேண்ட்லைன்

ஆபீஸ் போனில் வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் பாய்தான் ரகசிய நம்பர் போட வேண்டும். அவர் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். துபாயில் வாட்ஸ்அப் காலுக்குத் தடை, மெசேஜ் மட்டும்தான் போகும். என் சொந்த போனை எடுத்து டெக்லனுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். மெசேஜ் போட்டுவிட்டுக் கிளம்பியவர், சிக்னல் கிடைக்காத மலைப் பாதையில் வந்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. சாருக்கு மெசேஜ் போட்டேன், ஒற்றை டிக். டீச்சருக்குப் போட்டேன், அதுவும் ஒற்றை டிக். கெஸ்ட் ஹவுஸ் லேண்ட்லைனுக்கு அடித்தேன். முழுவதும் அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

அந்த இருபது நிமிடமும் டெக்லனுக்கும் கெஸ்ட் ஹவுஸுக்கும் மாறி மாறி அடித்தேன். எதிரே வந்து உட்கார்ந்த ஒரு கஸ்டமர் ஓமன் விசா ஸ்டாம்பிங் பற்றிக் கேட்டார். அவரிடம் என்ன சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

ஐந்தாவது முறை ஒரு பெண்மணி எடுத்தார். கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர். அடுப்பில் வேலையாக இருந்தாராம். விருந்தினர் இருவரும் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறார்கள், இதோ கூப்பிடுகிறேன் என்றார்.

"ஏனுங்க மேடம், இந்நேரத்துக்குக் கூப்புடறீங்க? ஏதாச்சும் பிரச்சனைங்களா?" சார் குரலில் அவ்வளவு உற்சாகம். நேற்று மழையில் மலை விளிம்பில் நின்றதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

குறுக்கே பேசினேன். "சார், இன்னிக்கு நீங்க அந்தக் காஸ்வேக்குப் போகக்கூடாது. அது யுகே. உங்ககிட்ட யுகே விசா இல்ல. நான் எடுக்கணும், எடுக்காம விட்டுட்டேன். என் தப்பு சார். திரும்பி வரும்போது மாட்டினா ரிக்கார்டுல ஏறிடும். கனடாவுக்கு இடைஞ்சலாயிடும்."

பிறகு போன் கை மாறியது.

"நான் உங்களக் கேட்டேனுங்களே," என்றார் டீச்சர்.

"கேட்டீங்க டீச்சர்."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"மத்ஹா மாதிரின்னு சொன்னேன்."

"இப்ப வந்து போவாதீங்கன்னா? துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. ஷூ கூட மாட்டிட்டேன்." குரல் உடைந்தது. "போனா புடிச்சுருவாங்களா?"

"தெரியல டீச்சர். புடிக்காமலும் போகலாம். ஆனா புடிச்சா நீங்கதான் மாட்டுவீங்க, நான் இல்ல."

"வைங்க போன," என்றார். வைத்துவிட்டார்.

நான் அங்கேயே அழுதேன். கஸ்டமர் இருந்தார், டிக்கெட்டிங் பையன்கள் இருந்தார்கள், வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நின்றபாடில்லை.

5. பஸ்

அழுது முடித்ததும் மேப்பைத் திறந்தேன். எல்லையைத் தொடாமல் டொனிகாலில் என்னென்ன இருக்கிறது? மலை உச்சியில் வட்டமாக ஒரு பழைய கற்கோட்டை, கிரியனான். அதற்கு மேலே தீவின் வடகோடி முனை, மாலின் ஹெட். வேடிக்கை என்னவென்றால், தீவுக்கே வடக்கு முனை அதுதான், ஆனால் அது வடக்கு அயர்லாந்தில் இல்லை. கெஸ்ட் ஹவுஸ் அம்மாவிடம் கெஞ்சி இன்னோர் இரவுக்கு அதே அறையை வாங்கினேன். வடக்கே போட்டிருந்த இரண்டு ராத்தங்கலையும் ரத்து செய்து, டப்ளினில் ஓர் இரவு கூடுதலாகப் போட்டேன். அவர்கள் நேரப்படி எட்டு மணிக்குச் சரியாக டெக்லன் அங்கே போய்ச் சேர்ந்து, கெஸ்ட் ஹவுஸ் போனிலிருந்து கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "நல்லவேளை கேட்டேன்," என்று மட்டும் சொன்னார். வடக்கு அயர்லாந்தில் இருக்கும் டெர்ரி நகரத்தைத் தொடாத ரோடு தனக்குத் தெரியும், கூட்டிப் போகிறேன் என்றார்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. மறுநாள் டெக்லனுக்கு பெல்ஃபாஸ்ட்டில் வேறு குரூப். அதனால் இவர்கள் டொனிகாலிலிருந்து டப்ளினுக்குத் தாங்களே போக வேண்டும். நேர் பஸ் ஒன்று இருந்தது. இரண்டு சீட் பிடித்து, டிக்கெட்டை டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மதியம் முழுக்க பதில் இல்லை. இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவும் ஆனது. ஒரு எழுத்து வரவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நாலரை மணிக்கு வந்தது. வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே வரி.

"இந்த பஸ் எனிஸ்கிலன் வழியா போகுதுன்னு போட்டிருக்கு. அது எந்த நாடு?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. டொனிகாலிலிருந்து டப்ளினுக்கு, இரண்டுமே அயர்லாந்துக் குடியரசு. நடுவில் என்ன இருக்கப் போகிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. 'அயர்லாந்துதான் டீச்சர்' என்று விரல் தானாகவே அடிக்கப் போனது. காலையில் இவ்வளவு நடந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, பாருங்கள்.

"தெரியல டீச்சர். பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்," என்று போட்டேன்.

பார்த்தேன். அது பிரிட்டன். டொனிகால் மாவட்டம் நாட்டின் மற்ற பகுதியோடு கீழே ஒரு குறுகலான கழுத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கழுத்து வழியே போகாத ரோடெல்லாம் வடக்கு அயர்லாந்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. காலையில் அவர்களைத் தடுத்துவிட்டு, மாலையில் நானே டிக்கெட் போட்டு அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

"அது யுகே டீச்சர். மறுபடியும் தப்பு பண்ணிட்டேன். நாளைக்கு ஸ்லைகோ வரைக்கும் வேற பஸ், அங்கேருந்து ரயில். ஒவ்வொரு ஸ்டாப்பையும் மேப்ல வெச்சுப் பாத்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நானும் பாத்துட்டேன். சரியா இருக்கு," என்று பதில் வந்தது. கூடவே ஒரு போட்டோ. வட்டக் கோட்டையின் மதில் மேல் சார் நின்றுகொண்டிருந்தார். பின்னால் தூரத்தில் நீலமாகத் தண்ணீர். டீச்சர் போட்டோவில் இல்லை.

6. ஃபாரம்

இந்த டெஸ்க்கில் புதிதாக உட்காருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 'பார்டர் இருக்கா, செக்கிங் இருக்கா' என்று பார்க்காதீர்கள், எந்த நாடு என்று பாருங்கள். இட்டினரரியில் இருக்கும் ஊரை மட்டும் பார்க்காமல் இரண்டு ஊருக்கு நடுவில் ரோடு எங்கே போகிறது என்றும் பாருங்கள். நமக்குத் தெரிந்த ஊரை வைத்துத் தெரியாத ஊருக்குப் பதில் சொல்லாதீர்கள். கஸ்டமர் ஒரு கேள்வி கேட்டு, நீங்கள் யோசிக்காமல் சிரித்துக்கொண்டே பதில் சொன்னால், அன்றைக்கு ஒரு முறை கூடுதலாகச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

சலீம் பாய் இன்றைக்கும், "யாரும் பாத்திருக்க மாட்டாஹ," என்றுதான் சொல்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

புஜைரா திரும்பி மூன்று வாரம் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கனடா ஃபைலை வேறு எங்கேயோ கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதில் தப்பும் சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை முற்பகல் கதவைத் திறந்துகொண்டு இருவரும் உள்ளே வந்தார்கள். பாய் எழுந்து போய்த் தானே டீ சொல்லிவிட்டு வந்தார். டீச்சர் என் எதிரே உட்கார்ந்தார். சாருக்குப் பேச நிறைய இருந்தது, கோட்டை, ரயில், மாலின் ஹெட் காற்று என்று சொல்லிக்கொண்டே போனார். டீச்சர் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கனடா விசா ஃபாரத்தை ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் கேட்டு நிரப்பினேன். அந்தக் கேள்வி வந்தது. எந்த நாட்டிலாவது விசா மறுத்தார்களா, நுழையவிடாமல் தடுத்தார்களா, வெளியேறச் சொன்னார்களா?

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இல்லைன்னு போடுங்க," என்றார்.

போட்டேன்.

"டிசம்பருக்குள்ள வந்துருங்களா? பொண்ணு தெனமும் கேக்கறா."

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கேள்விக்கு நான் சொல்லி வந்த பதில், 'கண்டிப்பா வந்துடும்'. அது வாய் வரைக்கும் வந்தது.

"தெரியல டீச்சர்," என்றேன்.

டீச்சர் கைப்பையைத் திறந்து, இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.